நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார்?



கொல்லிமலை என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது எது? வல்வில் ஓரியின் வில்லாண்மை வரலாம். அறப்பளீசுவரர் திருக்கோயிலும் ஆகாய கங்கை அருவியும் வரலாம். காரவள்ளியிலிருந்து ஏறும் பேருந்து திரும்பித் திரும்பிக் கடக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் வரலாம். எனக்கோ இவையனைத்திற்கும் முன்னதாக ஒரு சிறுவன் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது.

அம்மலையில் ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த காலம் அது. பள்ளித் தோட்டத்தை வகுப்புவாரியாகப் பாத்தி பிரித்துக் கொடுத்திருந்தோம். தண்ணீர் பாய்ச்சும் முறை பற்றி மாணவரிடையே அடிக்கடி பிணக்கு எழும். அதனைத் தீர்க்க மாணவர்களே தமக்குள் ஒரு நீதிபதியை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். குடியாட்சிக்கு நல்ல பயிற்சி இது என்று உள்ளத்திலே பெருமிதமும் கொண்டேன். தேர்தல் நடந்தது. பத்து நாட்களுக்குள் முதல் வழக்கு வந்தது, தீர்ப்பும் வந்தது. தோற்ற பையன் என் அறை வாயிலில் வந்து நின்றான்.

“ஐயா, இவனுக்காக வகுப்பு வகுப்பாகப் போய் ஓட்டுக் கேட்டவனே அவன்தான். அவனுக்கும் எனக்கும் வழக்கென்றால் இவன் எனக்கு எப்படித் தீர்ப்புச் சொல்லுவான்? இனி நான் யாரிடம் போய் முறையிடுவது?” என்று கேட்டான்.

நான் அவ்வழக்கை மீண்டும் விசாரித்தேன். தீர்ப்பு சரியானதே என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் அதனை அப்பையன் நம்பும்படி செய்ய என்னால் இயலவில்லை. சரியான தீர்ப்பு மட்டும் போதாது, தோற்றவனும் ஐயுறாத தீர்ப்பு வேண்டும் என்பதை அன்று அச்சிறுவனிடம் நான் கற்றுக் கொண்டேன். நீதிபதியை, அதிலும் மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிபதியை, தேர்ந்தெடுப்பது யார் என்னும் வினா அன்று முதல் என்னைத் தொடர்ந்து வருகிறது. அவ்வினாவிற்கு நம் நாட்டு வரலாறும் பிற நாட்டு வரலாறும் தரும் விடைகளை இன்று உங்களோடு சேர்ந்து காண விழைகிறேன்.

முதலில் மேல்முறையீடு என்பது யாது என்று தெளிவோம். ஒரு நீதிபதி தீர்ப்புக் கூறுகிறார். தோற்றவர் அதில் பிழை உண்டென்று கருதினால் அதற்கு மேலுள்ள நீதிமன்றத்தை நாடுகிறார். முதல் நீதிபதியும் மனிதரே. மனிதர் தவறக் கூடும். அத்தவற்றைத் திருத்த இரண்டாவது கண் வேண்டும் என்பதே மேல்முறையீட்டின் அடிப்படை. ஆகவே மேல்முறையீட்டு நீதிபதி ஒருவர் சாய்ந்துவிட்டால், கீழே நேர்ந்த பிழையைத் திருத்த வேறு வழி அரிதாகிவிடும். கூரையின் உச்சி விட்டம் வளைந்தால் வீடு முழுவதும் வளையுமன்றோ?

இப்போது கொல்லிமலைக்கே செல்வோம். அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மக்களை நினைத்து மயங்க வேண்டா. மலையிலே வாழ்ந்து மலையை ஆள்பவர் என்பது இங்கு அதன் பொருள். மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. வளவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு என்ற பழம் பெயர்கள் இன்றைய ஊராட்சிகளின் பெயர்களாகவும் நிலைத்து நிற்கின்றன. ஊருக்கு ஒரு தலைவர், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர், அதற்கும் மேலே பட்டக்காரர் என்று படிப்படியான அமைப்பு அம்மக்களிடையே மரபாக இருந்து வந்தது. மண வழக்கு, வரப்பு வழக்கு, குல ஒழுக்க வழக்கு யாவும் முதலில் ஊர்க் கூட்டத்தில் பேசப்படும். அங்குத் தீராதது நாட்டுக் கூட்டத்திற்குப் போகும். இதுவும் மேல்முறையீடுதான். முத்திரைத்தாள் இல்லை, வழக்குரைஞர் கட்டணம் இல்லை, வாதியும் பிரதிவாதியும் அறிந்த மொழியிலே, அவர்கள் அறிந்த மரத்தடியிலே வழக்கு நடந்தது.

இம்முறையின் நலத்தை நாம் குறைத்துப் பேசலாகாது. நீதிபதிக்கு நிலம் தெரியும், நீர் தெரியும், மனிதர் தெரியும். ஆயினும் அப்பதவி பெரும்பாலும் பிறப்பினால் வந்தது. தந்தைக்குப் பின் மகன் அமர்வான். அவன் எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. ஆகையால் வாக்களித்தவருக்கு அவன் கடன்பட்டவன் அல்லன். ஆனால் தன் குலத்திற்கும் உறவினர்க்கும் பிறப்பிலேயே கடன்பட்டவன். மேலும், பெண்களின் வழக்கைப் பேசிய அக்கூட்டங்களில் பெண்களுக்கு மரபாக இருக்கை கிடையாது. அறிந்தவர் தீர்ப்பளிப்பது ஒரு நன்மை. அறிந்தவருக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் உண்டென்பது அந்நன்மையோடு ஒட்டிப் பிறந்த தீமை.

இம்மலை மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்று ஒரு மரபுக் கதை வழங்குகிறது. கதை வரலாறு ஆகுமா என்பதை ஆராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். அக்காஞ்சிக்குத் தெற்கே இருக்கும் ஓர் ஊருக்கு நம்மை அழைத்துச் செல்ல அக்கதை வழிகாட்டினால் போதும். அவ்வூர் உத்தரமேரூர்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919இல் பொறிக்கப்பட்டது, மற்றொன்று 921இல் பொறிக்கப்பட்டது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளை அவை விரித்துரைக்கின்றன. ஈராண்டுக்குள் விதிகள் திருத்தப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். முதற் கல்வெட்டில் வயது வரம்பு முப்பது முதல் அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது. பட்டறிவினால் தம் சட்டத்தைத் தாமே திருத்திக்கொண்ட சபை அது.

உறுப்பினர் ஆவதற்குரிய தகுதிகள் எவை? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்குக் குறையாமல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கல்வி மிக்கவராயின் அரைக்கால் வேலி நிலமும் போதும். நல்வழியில் ஈட்டிய பொருளும் தூய நடத்தையும் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரலாகாது. அவர் மட்டுமன்றி அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன் முதலிய உறவினர் பலரும் வரலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் பெரும்பாவம் புரிந்தவரும் விலக்கப்பட்டனர்.

இனித் தேர்ந்தெடுக்கும் காட்சியைப் பாருங்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புக்கு ஒரு கட்டாகக் கட்டி, ஒரு குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய மகாசபையின் நடுவே, கோயில் நம்பிமார் அனைவரும் இருக்க, அவருள் மூத்தவர் அக்குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்தான். அதனை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிந்திருக்கும்படி உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டு உரக்கப் படித்தார். பின்னர் நம்பிமார் எல்லாரும் படித்தனர். ஏன் ஐந்து விரலும் விரிய வேண்டும்? மடித்த விரலுக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் அன்றோ? மனித இயல்பை நன்கறிந்தவர்கள் வகுத்த விதி அது.

இவ்வாறு தெரிந்தெடுத்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். பதவிக் காலம் 360 நாட்கள். இடையில் ஒருவர் குற்றம் புரிந்தது தெரிந்தால் அப்போதே நீக்கப்படுவார். அக்கல்வெட்டிலேயே, பன்னிரண்டு சேரிகளிலும் அறச்செயலைக் கண்காணிக்கும் வாரியம் ஒன்றும் குறிக்கப்படுகிறது; அதனை நீதியை மேற்பார்க்கும் வாரியம் என்றே அறிஞர் விளக்குவர். ஊர்ச்சபையே ஊர் வழக்கைக் கேட்டது. பெரிய வழக்குகளுக்கு அரசனது நீதிமன்றமாகிய தர்மாசனம் இருந்தது.

மாணவர்களே, இவ்விதிகளுள் ஒன்றை நீங்கள் ஊன்றி நோக்க வேண்டும். தகுதியை ஊர் ஆராய்ந்தது. ஆனால் தகுதியுடையோருள் இவர்தாம் என்று முடிவு செய்ததோ எவருடைய விருப்பமும் அன்று. வாக்குக் கேட்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. குடத்திலிருந்து வந்தவர், “உன்னால் நான் வந்தேன்” என்று எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. “என்னால் நீ வந்தாய்” என்று எவரும் அவரிடம் சொல்லவும் முடியாது.

அதற்காக அச்சபையை நாம் குறையற்ற பொற்காலமாகப் பாடலாகாது. உத்தரமேரூர் அந்தணர் குடியிருப்பு. நிலமில்லாதவர் பெயர் அக்குடத்தில் விழவில்லை. பெண்கள் பெயரும் விழவில்லை. கொல்லிமலைக் குடியானவர் ஒருவர் அன்று அங்குச் சென்றிருந்தால், அவர் பெயரும் விழுந்திராது. குடம் நேர்மையானது, ஆனால் அதன் வாய் குறுகியது.

நூற்றாண்டுகள் பலவற்றைக் கடந்து, மீண்டும் நம் சேலம் பகுதிக்கே வருவோம். 1792இல் பாரமகால் நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, அங்கு ரீடு என்பவரின் உதவியாளராக வந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இப்பகுதியில் ஊர் ஊராகச் சுற்றினார். கும்பினியார் 1802இல் சென்னையில் அமைத்த சதர் அதாலத்து என்னும் மேல்முறையீட்டு மன்றமும் அதற்குக் கீழமைந்த மன்றங்களும் ஊராருக்கு எட்டாத் தொலைவில் இருந்தன. ஆகவே 1816இல் மன்றோவின் முயற்சியால் புதிய ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. ஊர்த் தலைவரே கிராம முன்சீப்பாகச் சிறு வழக்குகளைக் கேட்கலாம். இருதரப்பினரும் இசைந்தால் ஊர்ப் பஞ்சாயத்தும் கேட்கலாம் என்று அவை வகுத்தன. ஆனால் எதிர்பார்த்த அளவிற்கு மக்கள் அப்பஞ்சாயத்துகளை நாடவில்லை. மேலேயிருந்து சட்டம் போட்டு உண்டாக்கும் பஞ்சாயத்து, ஊரிலேயே முளைத்த பஞ்சாயத்தைப் போல் வேரூன்றுவதில்லை.

1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. அதன் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் தி. முத்துசாமி ஐயர். வறுமையிலே பிறந்து, சிறு எழுத்தராகப் பணி தொடங்கி, அவ்விருக்கைக்கு உயர்ந்தவர் அவர். அவரை எவரும் வாக்களித்து அனுப்பவில்லை, நியமனத்தால் வந்தார்.

ஆயினும் நீதிபதியை ஊரார் தேர்ந்தெடுக்கும் வழியும் நம் மாகாணத்தில் ஒருகாலத்தில் இருந்தது என்பது உங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1889ஆம் ஆண்டின் முதற் சட்டமாக வந்த சென்னைக் கிராம நீதிமன்றச் சட்டம் 1920இல் திருத்தப்பட்டது. ஊரார் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட பஞ்சாயத்து நீதிமன்றங்களுக்கு அத்திருத்தம் இடமளித்தது. சிறுதொகைக் கடன் வழக்கும் சிறு குற்றமும் அங்கு விசாரிக்கப்பட்டன. அத்தீர்ப்பில் ஒருதலைச் சார்பு முதலிய பெருங்குறை காணப்பட்டால் மாவட்ட முன்சீப்பு அதனை நீக்கலாம். கீழே ஊர் தேர்ந்த நீதிபதி, மேலே அரசு அமர்த்திய நீதிபதி என்பதே அவ்வமைப்பு. தேர்தலினால் வரக்கூடிய தீங்கிற்கு அதற்கு அப்பாற்பட்ட ஒருவரிடம் மருந்து வைத்த ஏற்பாடு அது. இம்முறையும் கிராம முன்சீப்புப் பதவியும் இன்று இல்லை. அப்பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது.

மேலே இருக்கும் நீதிபதியையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? இவ்வினாவிற்கு விடை காண நாம் கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்ல வேண்டும். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்பில் எழுதியது. 1846இல் நியூயார்க்கும் அவ்வழியைப் பின்பற்றியது. பிற மாநிலங்கள் பலவும் தொடர்ந்தன. அவர்கள் இதனை மேற்கொண்டதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆளுநரும் சட்டமன்றமும் தமக்கு வேண்டியவரை நீதிபதியாக்கினர். அத்தகைய நீதிபதி, தம்மை அமர்த்தியவரின் சட்டமீறலைத் தட்டிக் கேட்பாரோ என்று மக்கள் ஐயுற்றனர். ‘ஆள்வோர்க்குக் கடன்பட்ட நீதிபதியினும் மக்களுக்குக் கடன்பட்ட நீதிபதி மேல்’ என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததைக் கேளுங்கள். அதுவும் ஒரு மலைநாடு. நிலக்கரி விளையும் மலைநாடு. அம்மாநிலத்தின் உச்ச மன்றத்திற்கு மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் என்றே பெயர். அதன் நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2002இல் அங்கு ஒரு பெரிய நிலக்கரி நிறுவனம், சிறு சுரங்கத் தொழிலர் ஒருவருக்கு ஐந்து கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. மேல்முறையீடு வரவிருந்த வேளையில், 2004இல் நீதிபதித் தேர்தல் வந்தது. தோற்ற நிறுவனத்தின் தலைவர், புதிய வேட்பாளரான பிரெண்ட் பெஞ்சமின் என்பவர் வெற்றி பெறுவதற்காக ஏறத்தாழ முப்பது இலட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமினை ஆதரித்த மற்றவர் அனைவரும் சேர்ந்து செலவிட்ட தொகையினும் அது மிகுதி. பெஞ்சமின் வென்றார். 2007இல் வழக்கு அவர் அமர்ந்த மன்றத்திற்கு வந்தது. விலகிக் கொள்ளுமாறு எதிர்த்தரப்பு வேண்டியும் அவர் விலகவில்லை. மூவருக்கு இருவர் என்ற கணக்கில் நிறுவனம் வென்றது. அம்மூவருள் அவரும் ஒருவர்.

சுரங்கத் தொழிலர் நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றார். 2009 ஜூன் 8 அன்று, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அந்நீதிபதி விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் கைக்கூலி பெற்றார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. அவர் நேர்மையாகவே தீர்ப்பளித்திருக்கலாம். ஆனால் தம் வழக்கைக் கேட்கும் நீதிபதியை வழக்காளி ஒருவர் தாமே பொருள் கொட்டித் தேர்ந்தெடுத்தது போன்ற நிலை வந்த பின்பு, எதிர்த்தரப்பார் எப்படி நம்புவார்? கொல்லிமலைச் சிறுவன் என் அறை வாயிலில் கேட்ட கேள்வியே அம்மலைநாட்டிலும் கேட்கப்பட்டது.

இதன் பின்னும் உலகில் இச்சோதனை நிற்கவில்லை. 2011இல் பொலிவியா தன் உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகளை மக்கள் வாக்கினால் தேர்ந்தெடுத்தது. பதிவான வாக்குகளில் செல்லாதனவும் வெற்று வாக்குகளுமே பாதிக்கு மேற்பட்டன. 2025 ஜூன் 1 அன்று மெக்சிகோ நாட்டில் உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட நீதிபதிப் பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது. வாக்காளருள் நூற்றுக்குப் பதின்மூவரளவிலேயே வாக்களித்தனர். தமக்கு அறிமுகமில்லாத நூற்றுக்கணக்கான பெயர்களில் எவரை நல்ல நீதிபதி என்று ஒரு குடிமகன் கண்டறிவான்?

அப்படியாயின் நியமனமே நன்று என்று முடித்துவிடலாமா? நம் நாட்டு வரலாறு அவ்வளவு எளிதில் முடிக்க விடவில்லை. 1949 மே 24 அன்று அரசமைப்பு அவையில் இதுபற்றிப் பேசிய டாக்டர் அம்பேத்கர், ஆட்சியாளரே அமர்த்தும் இங்கிலாந்து முறையையும், மேலவையின் ஒப்புதல் வேண்டும் அமெரிக்கக் கூட்டரசு முறையையும் எடுத்துக்காட்டி, இரண்டிற்கும் இடைப்பட்ட வழியை முன்வைத்தார். நீதிபதிகளைக் கலந்து குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பதே அவ்வழி. உயர்நீதிமன்ற நீதிபதியாவதற்கு, பத்தாண்டு வழக்குரைஞராகவோ நீதித்துறைப் பதவியிலோ இருந்திருத்தல் வேண்டும் என்று தகுதியும் வகுக்கப்பட்டது.

ஆனால் 1973இல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஒருவர் இந்தியத் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், குடிமகனின் உயிரும் உரிமையும் பற்றிய வழக்கில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பளித்தபோது, எச். ஆர். கன்னா என்னும் நீதிபதி மட்டும் மாறுபட்டு நின்றார். அடுத்த ஆண்டு, முறைப்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி இளையவருக்குப் போயிற்று. கன்னா பதவி துறந்தார். நியமிக்கும் கையும் கடனைத் திருப்பிக் கேட்கக் கூடும் என்பதற்கு இது சான்று.

இதனால் 1993இலும் 1998இலும் உச்ச நீதிமன்றம், மூத்த நீதிபதிகளின் குழுவிற்கே பரிந்துரையில் முதன்மை உண்டென்று முடிவு செய்தது. இதற்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தெரிவது தகுமா, அத்தெரிவு மூடிய அறைக்குள் நடக்கலாமா என்ற வினாக்கள் அதன் பின்பும் எழுந்து கொண்டே இருக்கின்றன. அவ்வினாக்களை எழுப்புவது குற்றமன்று, குடிமக்களின் கடமை.

இதுவரை நாம் கண்டவை நான்கு வழிகள். பிறப்பினால் வந்த நீதிபதி உறவுக்குக் கடன்படுகிறார். வாக்கினால் வந்தவர் வாக்குச் சேர்த்தவர்க்குக் கடன்படுகிறார். நியமனத்தால் வந்தவர் நியமித்தவர்க்குக் கடன்படக் கூடும். குடவோலையினால் வந்தவர் எவருக்கும் கடன்படவில்லை. ஆயினும் சட்ட நுணுக்கங்கள் பெருகிய இக்காலத்தில், உயர்நீதிமன்ற இருக்கையைக் குலுக்கலுக்கு விட எவரும் துணியார். ஆகவே நான் குடத்தை மீண்டும் கொண்டுவரச் சொல்லவில்லை. அக்குடத்தின் பின்னிருந்த அறிவைக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். தகுதியை முன்னதாக எல்லாரும் அறிய வகுத்தல். தேர்வை மூடி மறையாமல் நடத்துதல். கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் சுற்றத்தாரையும் விலக்குதல். பதவி தந்ததாக எவரும் உரிமை கொண்டாட இடமில்லாமற் செய்தல். எம்முறையை மேற்கொண்டாலும் இந்நான்கும் இருந்தால் தோற்றவனும் தலைவணங்குவான். வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததும் இதன் அருமை நோக்கியே.

என் பள்ளிக் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அச்சிறுவனின் முறையீட்டிற்குப் பின் தேர்தலை விடுத்து, நல்ல மாணவன் ஒருவனை நானே நீதிபதியாக நியமித்தேன். ‘ஐயாவின் செல்லப் பிள்ளை’ என்று பெயர் வந்ததே தவிர, நம்பிக்கை வரவில்லை. அதன் பின்னர் உத்தரமேரூர்ப் பாடத்தை வகுப்பில் நடத்தினேன். மாணவர்களே தகுதிகளை எழுதினார்கள். தோட்ட வேலைக்குத் தவறாமல் வந்தவராய், கடன் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தவராய் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முதல் விதி! மாணவியர் பெயரும் குடத்தில் விழ வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். சோழர் காலத்துச் சபையினும் எங்கள் வகுப்பு அங்கே ஒரு படி உயர்ந்தது. முதல் வகுப்புக் குழந்தை ஒன்று ஓலைக்குப் பதிலாகத் தாளை எடுத்தது. வந்த பெயர், அதிகம் பேசாத ஒரு மாணவியின் பெயர். அவள் தீர்ப்புகள் எல்லாம் சிறந்தவை என்று சொல்ல மாட்டேன். இரண்டொன்றை நான் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் அவ்வாண்டு முழுவதும், “அவள் அவனுடைய ஆள்” என்று ஒருவரும் சொல்லக் கேட்டிலேன். முன்பு முறையிட்ட அச்சிறுவனே அவள்முன் இருமுறை தோற்றான். இருமுறையும் மறுமொழி கூறாமல் தண்ணீர் மடையைத் திறந்துவிட்டான்.

மலைநாட்டு மாணவர்களே, உங்களுக்கு இறுதியாக ஒரு சொல். மேல்முறையீடு என்ற சொல்லில் ‘மேல்’ என்று இருக்கிறது. உங்கள் பெற்றோர்க்கோ மேல் நீதிமன்றம் எழுபது வளைவுகளுக்குக் கீழே நாமக்கல்லிலும், அதற்கும் அப்பால் சென்னையிலும் இருக்கிறது. அத்தொலைவைக் கண்டு அஞ்சி, கீழே கிடைத்த பிழையான தீர்ப்பை விதியென்று ஏற்றுக்கொண்டவர் பலர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. இதனை உங்கள் வீட்டிலே சொல்லுங்கள். உங்கள் ஊரிலே சொல்லுங்கள்.

அதனோடு நில்லாமல், உங்களுள் சிலர் சட்டம் பயிலுங்கள். வல்வில் ஓரியின் மலையிலிருந்து ஒரு மகனோ மகளோ உயர்நீதிமன்ற இருக்கையில் அமரும் நாள் வர வேண்டும். அன்று அவர்முன் நிற்கும் ஏழை, “இவரை அமர்த்தியவர் யார்?” என்று கேட்கத் தேவையில்லாதபடி அவர் தீர்ப்பளிக்க வேண்டும். அதற்குரிய பழக்கத்தைப் பள்ளித் தோட்டத்துத் தண்ணீர்ப் பிணக்கிலிருந்தே நீங்கள் தொடங்கலாம்.